நடக்காமற் செய்தவர்

கால்பந்தாட்டம் ஒன்று முடிந்த மறுநாட் காலையில், கோல் அடித்தவரின் பெயரும் அடித்த நிமிஷமும் அடித்த விதமும் பத்திரிகைகளில் விவரமாக வெளிவருகின்றன. ஆனால் விழுந்திருக்கக்கூடிய ஒரு கோலை, அது உருவெடுப்பதற்கு முன்பே இரண்டடி தள்ளி நின்று இல்லாமற் செய்துவிட்ட பின்கள ஆட்டக்காரரைப் பற்றி அங்கே ஒரு வரியும் இராது. விளைச்சலைப் புகழ்கிறவர்கள் வேலியைப் புகழ்வதில்லை. மாடு புகுந்த அன்றுதான் வேலி என்று ஒன்று இருந்ததே ஞாபகத்துக்கு வருகிறது. இப்படிப்பட்ட ஓர் உத்தியோகத்தை 20 பருவங்கள் ஒரே சங்கத்துக்காகப் பார்த்து, அதிலேயே அழியாத கீர்த்தியும் ஆறாத துக்கமும் ஒருங்கே அடைந்தவர் இத்தாலி தேசத்து பிராங்கோ பரேசி.

வட இத்தாலியில் பிரெஷா நகரத்துக்கு அருகேயுள்ள ஒரு சிற்றூரில் 1960ஆம் ஆண்டு மே 8ஆம் தேதி பிறந்த பரேசி, பெற்றோர் இருவரையும் இளம் பிராயத்திலேயே இழந்தவர். மிலான் நகரத்தில் பரம வைரிகளான இரண்டு பெரிய சங்கங்கள் உண்டு. ஒன்று இன்டர், மற்றொன்று ஏ.சி. மிலான். மூத்த சகோதரரான ஜுசெப்பேயைச் சேர்த்துக்கொண்ட இன்டர் சங்கத்தார், உருவத்திற் சிறியவராயிருந்த தம்பியை வேண்டாமென்று திருப்பியனுப்பிவிட்டார்கள். அவரை ஏற்றுக்கொண்டது ஏ.சி. மிலான். அவர்கள் சூட்டிய செல்லப் பெயருக்கே அந்த ஊர்ப் பேச்சில் ‘சின்னப் பையன்’ என்பதுதான் அர்த்தம். பிற்காலத்தில் அண்ணன் ஒரு சங்கத்துக்கும் தம்பி மறு சங்கத்துக்கும் தலைவர்களாக விளங்கினார்கள் என்பது அந்நகரத்தார் இன்றும் ரசித்துச் சொல்லும் விஷயம்.

பதினேழு வயதில், 1978 ஏப்ரல் 23ஆம் தேதி, வெரோனாவுக்கு எதிராகப் பரேசி முதன்முதலாக முதல்நிலை லீக்கில் ஆடினார். மறு வருஷமே அவருடைய சங்கம் சாம்பியன் பட்டத்தை வென்றது. ஆயினும் அந்தச் சுகம் நீடிக்கவில்லை. பந்தயச் சூதாட்ட ஊழல் ஒன்றின் காரணமாக 1980இல் மிலான் சங்கம் இரண்டாம் நிலைக்குத் தள்ளப்பட்டது. திரும்பி வந்த பின்னர், 1982இல் ஆட்டத்திலேயே தோற்று மறுபடியும் கீழே இறங்கியது. திறமைசாலிகள் வேறிடம் தேடிப் போவதற்கு இதைக்காட்டிலும் தக்க சமயம் வாய்க்காது. இருபத்திரண்டு வயதுப் பரேசியோ அங்கேயே இருந்து, தாழ்ந்து கிடந்த அந்தச் சங்கத்தின் தலைமைப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டார். அதே 1982இல் உலகக் கோப்பையை வென்ற இத்தாலிக் குழுவில் அவரும் ஓர் அங்கத்தினர்தான். ஆனால் ஒரு நிமிஷங்கூடக் களத்தில் இறங்கவில்லை. 1986 உலகக் கோப்பைக்கோ அண்ணனைத் தேர்ந்தெடுத்து, தம்பியை ஊரிலேயே விட்டுச் சென்றார்கள்.

அவருடைய கலை முழுமை பெற்றது 1987இல் அர்ரிகோ சாக்கி பயிற்சியாளராக வந்தபோதுதான். அதுவரை இத்தாலியிற் பரவலாக இருந்த முறைப்படி, பின்கள வீரர் ஒவ்வொருவரும் எதிரணியாளர் ஒருவரை நிழல்போல் தொடர்வார்; எல்லாருக்கும் பின்னால், யாரையும் தொடரும் கடமையின்றி, தப்பிவரும் பந்தைத் துடைத்தெடுக்க ஒருவர் நிற்பார். அவருக்கு ‘லிபெரோ’, அதாவது ‘சுயேச்சையானவர்’ என்று பெயர். பரேசி வகித்த ஸ்தானம் அது. சாக்கியோ, ஆளைக் காக்க வேண்டாம், இடத்தைக் காத்தால் போதும் என்றார். பின்கள வீரர் நால்வரையும் ஒரே வரிசையில் நிறுத்தினார். முன்கள வரிசைக்கும் பின்கள வரிசைக்கும் இடையே சுமார் 25 மீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கலாகாதென்று விதித்தார். பயிற்சியின்போது பந்தே இல்லாமல், ‘பந்து இப்பொழுது வலப்புறம் இருக்கிறது, இப்பொழுது இடப்புறம் போகிறது’ என்று பாவித்துக்கொண்டு, பதினொருவரும் ஒரே சரீரம்போல் நகர்ந்து பழகவேண்டியிருந்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு அது பித்தர்களின் கூத்தாகத் தோன்றியிருக்கும்.

இந்த ஏற்பாட்டின் உயிர்நிலை ‘ஆஃப்சைடு’ விதி. பந்து தம்மிடம் உதைக்கப்படும் கணத்தில், தாக்குகிறவருக்கும் கோல் எல்லைக்கும் நடுவே பொதுவாக எதிரணியார் இருவரேனும் இருக்கவேண்டும். கோல்கீப்பர் ஒருவர் மட்டுமே மிஞ்சியிருந்தால் நடுவர் ஊதிவிடுவார். ஆகவே, எதிராளி பந்தை உதைக்கக் காலைத் தூக்குவதற்கும் அந்தக் கால் பந்தைத் தொடுவதற்கும் இடைப்பட்ட நேரத்தில் பின்கள வரிசை முழுவதும் ஓரடி முன்னே வந்துவிட்டால், ஓடிவரும் தாக்குதற்காரர் தாமாகவே வலையில் அகப்பட்டுக்கொள்வார். ஒரு கணம் பிந்தினாலோ, வழியில் எவருமின்றிக் கோல்கீப்பரை எதிர்கொள்வார். அந்தக் கணம் எது என்று நிர்ணயிப்பது பரேசியின் வேலை. அவர் அடியெடுத்து வைத்தால் தஸ்ஸோத்தி, கொஸ்தகூர்த்தா, மால்தினி ஆகிய மற்ற மூவரும் வைப்பார்கள். உடனே அவருடைய கை உயர்ந்துவிடும். உயரமோ 176 சென்டிமீட்டர்தான். மோதி வெல்லும் பலத்தைக் காட்டிலும், முன்கூட்டி அறியும் புத்தியே அவருடைய ஆயுதம்.

அந்தப் புத்தியின் பலனைக் கணக்கில் பார்க்கலாம். மிலான் சங்கம் 1989, 1990 ஆகிய இரு வருஷங்களும் ஐரோப்பியக் கோப்பையை வென்றது. பின்னர், பெரும்பாலும் அடுத்த பயிற்சியாளர் கப்பெல்லோவின் காலத்தில், லீக்கில் தொடர்ச்சியாக 58 ஆட்டங்கள் தோல்வியே காணவில்லை. 1993-94 பருவத்தின் 34 லீக் ஆட்டங்களில் அச்சங்கம் அடித்த கோல்கள் 36 மாத்திரமே. சாம்பியன் பட்டம் பெறுவதற்கு அது அற்பமான தொகை. ஆனால் வாங்கிய கோல்கள் 15. அவ்வாண்டு பட்டம் வென்றது விளைச்சலால் அன்று, வேலியால்.

அதே 1994இன் கோடையில், அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் பரேசி இத்தாலியின் தலைவர். பயிற்சியாளர் பழைய சாக்கியே. ஜூன் 23ஆம் தேதி நார்வேக்கு எதிரான ஆட்டத்தில் அவருடைய முழங்காற் சவ்வு கிழிந்தது. வயதோ 34, முழங்காலில் ரண சிகிச்சை செய்துகொண்டவர் அத்துடன் மூட்டை கட்டியிருக்கலாம். ஆனால் ஜூலை 17ஆம் தேதி, பஸதீனா நகரில், நண்பகல் வெயிலில், இறுதியாட்டத்துக்கு அவர் களமிறங்கினார். எதிரே பிரேசில், அதுவரை ஆடிய ஆறு ஆட்டங்களில் ஒன்றிலேனும் கோல் அடிக்காமல் விட்டதில்லை, ஐந்து கோல்கள் அடித்த ரொமாரியோ அதன் முன்களத்தில் இருந்தார். தடை விதிக்கப்பட்டிருந்ததால் கொஸ்தகூர்த்தாவும் துணையில்லை. இருந்தும் 120 நிமிஷங்களில் பிரேசிலுக்கு ஒரு கோலும் கிடைக்கவில்லை. கெண்டைச் சதை பிடித்துக்கொண்டு துடித்தபோதும் பரேசி தம் இடத்தைவிட்டு அகலவில்லை.

பிறகு பெனால்டி உதைகள். முதல் உதை பரேசியுடையது. பந்து கம்பத்துக்கு மேலே போயிற்று. பின்னர் மஸ்ஸாரோவும் பாஜ்ஜியோவும் தவறவிட, பிரேசில் 3-2 என்ற கணக்கில் கோப்பையைக் கைப்பற்றியது. இத்தாலியின் தலைவர் குழந்தைபோல் விம்மி அழுததை உலகமே பார்த்தது.

1997இல் அவர் ஓய்வு பெற்றபோது, 719 ஆட்டங்களில் தம்மைக் காத்தவர் அணிந்த 6ஆம் எண் சட்டையை இனி எவருக்கும் கொடுப்பதில்லையென்று மிலான் சங்கம் தீர்மானித்தது. ஆனாலும் பஸதீனாவைப் பற்றிப் பேச்செழுந்தால், மேலே பறந்த அந்தப் பந்தைத்தான் ஜனங்கள் நினைவுகூர்கிறார்கள். அது கண்ணுக்குத் தெரிந்தது. உலகக் கோப்பை இறுதியாட்டங்களில் கோலே விழாமல் கூடுதல் நேரமும் முடிந்தது அதுவே முதல் தடவை. அந்த ஆட்டத்தின் கணக்கில் பிரேசிலுக்கு எதிரே எழுதியிருக்கும் பூஜ்யத்தில், இருபத்துநான்கு நாட்களுக்கு முன் கிழிந்த முழங்காலுடன் நின்ற ஒருவரின் கைவண்ணம் இருக்கிறது.