நெம்மேலி பக்கம் இத்தனை அதிசயமா?

ஈ.சி.ஆரில் மாமல்லபுரத்துக்கு எத்தனை முறை போயிருப்பீர்கள்! வழியில் நெம்மேலியில் இறங்கியதுண்டா?

தென்சென்னையில் பல வீட்டுக் குழாய்களில் வருவது கடல்நீர் என்று தெரியுமா? ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு! அதைப் பிரித்துக் குடிநீராக்கும் நெம்மேலி ஆலை 2013-ல் திறக்கப்பட்டது. தினமும் 10 கோடி லிட்டர்! போதாதென்று 2024-ல் இன்னொன்று. அது 15 கோடி லிட்டர்!

பக்கத்து வடநெம்மேலியில் முதலைப் பண்ணை. ராமுலஸ் விட்டேக்கர் 1976-ல் தொடங்கியது. இங்கே பேர்பெற்ற 'ஜாஸ்' முதலையின் நீளம் 16 அடிக்கும் மேல்! எடை 600 கிலோவைத் தாண்டும்! இன்னொரு விந்தை கேளுங்கள்: முதலைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது, முட்டை கிடக்கும் இடத்தின் சூடு!

அதே வளாகத்தில்தான் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவு சங்கம், 1978 முதல்! பாம்புத்தோல் வியாபாரத்துக்குத் தடை வந்து பிழைப்பு போனவர்கள், உயிர்காக்கும் தொழிலுக்கு மாறினார்கள். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன்... நான்கும் வாய் கட்டிய மண்பானைகளுக்குள்! வெறும் கொக்கிக் கம்பியால் பாம்பைத் தூக்கி, தலையைப் பிடித்து, கண்ணாடிக் குப்பியின் மூடியைக் கடிக்க வைக்கிறார்கள். சொட்டுச் சொட்டாக விஷம்! நாட்டில் விஷமுறிவு மருந்து செய்யத் தேவைப்படும் விஷத்தில் பெரும்பகுதி இங்கிருந்துதான் போகிறது! சில வாரம் கழித்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டி, பாம்பைக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள்.

இந்த இருளர்களைத் தேடி அமெரிக்காவே வந்தது, தெரியுமா? 2017-ல் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் ஃபுளோரிடா போய், இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள்! ஒன்று 16 அடி! 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ! எத்தனை பெருமை!

கல்யாணம் தள்ளிப்போகிறதா? வடக்கே திருவிடந்தைக்குப் போங்கள். நித்ய கல்யாணப் பெருமாள், தினமும் ஒரு பெண்ணாக 360 பேரை மணந்தாராம்!

தெற்கே சாளுவன்குப்பம். 2004 சுனாமி மண்ணை வாரிக்கொண்டு போக, பாறையில் கல்வெட்டுகள் தலைகாட்டின! அந்தத் துப்பை வைத்து 2005-ல் தோண்டினால்... பல்லவர் காலக் கோயில்! அதற்கும் அடியில் இன்னும் பழைய செங்கல் கோயில்! சங்ககாலத்தது என்கிறார்கள் தொல்லியலாளர்கள். யாருடைய கோயில் தெரியுமா? முருகனுடையது! வாசலில் கல்லால் ஆன வேல்கூடக் கிடைத்தது!