களைவெட்டி அலறினால் அது வேகமல்ல!

மழை ஓய்ந்தால் கொட்டாரம் பக்கத்துத் தென்னந்தோப்புகளிலும் வாழை விளைகளிலும் களைவெட்டிச் சத்தம்தான். வேகம் கூட்ட நினைத்துச் சிலர் டூ ஸ்ட்ரோக் இன்ஜினின் கார்புரேட்டரில் 'ஹெச்' திருகை வலப்புறம் இறுக்கிவிடுகிறார்கள். பெட்ரோல் வரத்து குறைந்து இன்ஜின் அலறும். பெட்ரோலில் கலந்துதானே ஆயிலும் போகிறது? அதுவும் குறைந்து பிஸ்டன் ஜாம் ஆகிவிடும். சிலிண்டரோடு மாற்ற வேண்டிவரும்.

முதலில் காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்யுங்கள். இன்ஜின் சூடானதும் 'எல்' திருகில் ஐடிலிங்கைச் சீராக்குங்கள். அப்போது பிளேடு சுற்றக் கூடாது. பிறகு முழு வேகத்தில் சத்தம் சற்றுக் கரகரக்கும்வரை 'ஹெச்' திருகை இடப்புறம் தளர்த்துங்கள்.

கொஞ்சம் வேலை செய்து, இன்ஜின் ஆறியதும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காப்பிப்பொடி நிறம் என்றால் சரி. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. ஈரக் கறுப்பு என்றால் அதிகம்.