அயர்லாந்தின் மரக்குழல்

அயர்லாந்து நாட்டிசைக்கு அணிசெய்யும் மரக்குழல், பிறர் கைவிட்ட கருவி என்பதை நாம் அறிதல் தகும். 1847இல் ஜெர்மானியரான தியோபால்டு போம் உருளைவடிவ உலோகக்குழலை அமைத்தார். மேடையிசைஞர் மெல்ல அதனை ஏற்கவே, பழைய மரக்குழல்கள் குறைந்த விலையில் அயர்லாந்தின் நாட்டுப்புறக் கலைஞரை அடைந்தன. ஆறு துளைகளையும் விரல்களே நேராக மூடித் திறப்பதால், அவர்தம் நடன இசைக்குரிய விரைவான அசைவுகள் அதில் எளிதில் அமைந்தன.

குழலைத் தேர்வோர், துளைகள் விரல்களுக்கு எட்டுகின்றனவா, சுருதி பிசகாது ஒலிக்கிறதா என நோக்குதல் வேண்டும். இன்று பெரும்பாலும் ஆப்பிரிக்கக் கருமரத்தால் இது கடையப்படுகிறது. ஊதுங்கால் உட்புறம் ஈரத்தால் விரிய, வெளிப்புறம் உலர்ந்தே நிற்பின் வன்மரமும் பிளக்கும். ஆகவே, புதுக்குழலை முதற்சில வாரங்கள் சிறிது நேரமே ஊதி, உள்ளீரத்தைத் துடைத்து, அவ்வப்போது வாதுமை எண்ணெய் பூசுதல் நன்று. பேணுவாரைப் பெற்றமையாலன்றோ, நூறாண்டு கடந்த குழல்கள் இன்றும் ஒலிக்க நாம் கேட்கிறோம்!