கஞ்சாவில் போதையைக் கழித்தால்...

தஞ்சாவூர்ப் பக்கம் நடவு பார்த்திருப்பீர்கள். நாற்றங்காலில் வளர்ந்த நாற்றைப் பறித்து, உழுது பரம்படித்த வயலில் நடுவார்கள். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையும் கிட்டத்தட்ட இதுதான். ரத்தப் புற்றுநோய்க்காரரின் கெட்டுப்போன மஜ்ஜையைக் கடும் மருந்தால் காலி பண்ணிவிட்டு, இன்னொருவரின் ஸ்டெம் செல்லை ஏற்றுகிறார்கள். ரத்தம் ஏற்றுவதுபோல டியூப் வழியாகத்தான். அதுவே வழி கண்டுபிடித்து எலும்புக்குள் குடியேறிவிடும். வேலூர் சி.எம்.சி. 1986-லேயே இதைத் தொடங்கிவிட்டது.

வம்பு இதற்கப்புறம்தான். எந்த நாற்றாவது வயலைத் தின்னுமா? இது தின்னும்! தானம் கொடுத்தவரின் எதிர்ப்பு அணுக்கள் புது உடம்பைப் பார்த்து, 'யார்றா நீ?' என்று சண்டைக்கு நிற்கும். தோல் சிவந்து உரியும். வயிற்றுப்போக்கு ஆளை உலுக்கும். கல்லீரல் கெடும். புற்றுநோயிலிருந்து தப்பியவர் இதில் போனதும் உண்டு. டாக்டர்கள் வைத்த பெயர் ஜி.வி.எச்.டி.

கூடப்பிறந்தவரின் திசு முழுசாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு. அந்தக் காலத்துத் திருவையாற்றுத் தாத்தாவுக்கு எட்டுப் பிள்ளைகள், கவலையில்லை. இப்போது ஒன்று, மிஞ்சினால் ரெண்டு (சிவப்பு முக்கோணத்தின் கைங்கரியம்!). வெளியாளைத் தேட வேண்டியதுதான். வெளியாள் என்றால் வம்பும் ஜாஸ்தி.

இங்கேதான் கஞ்சா வருகிறது. நாகப்பட்டினம், வேதாரண்யம் கடற்கரையில் மூட்டை மூட்டையாகப் பிடிபடுகிறதே, அதே செடி. இஸ்ரேல் விஞ்ஞானி ரஃபேல் மெச்சூலம் 1960-களில் போலீஸ் பறிமுதல் செய்த சரக்கை வாங்கித்தான் ஆராய்ச்சி பண்ணினார். (நம்மூர் ஸ்டேஷனில் கேட்டுப் பாருங்கள், கேட்டவரையும் சேர்த்து உள்ளே வைப்பார்கள்.) கிறுகிறுக்க வைப்பது டி.எச்.சி. அதன் சாதுவான தம்பி சி.பி.டி. போதை தராது, கொதிக்கும் எதிர்ப்பு அணுக்களைச் சாந்தப்படுத்தும் குணம் அதற்கு உண்டு.

2015-ல் இஸ்ரேலின் ராபின் மருத்துவ மையம் ஓர் ஆய்வு வெளியிட்டது. மாற்று சிகிச்சைக்கு வந்த 48 பேருக்கு வழக்கமான மருந்துகளோடு தினம் 300 மில்லிகிராம் சி.பி.டி., ஆலிவ் எண்ணெயில் கரைத்து. ஏழு நாள் முன்பே ஆரம்பித்து, மாற்றிய பின் 30-ஆம் நாள் வரை. சாப்பிட்ட நாட்களில் ஒருவருக்குக்கூட உடனடி வகை ஜி.வி.எச்.டி. வரவில்லை! நிறுத்திய பிறகு சிலருக்கு வந்தது. நூறாம் நாள் கணக்கில், சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு வந்தது சுமார் 12 சதவீதம்.

பி.காம். புத்தி சும்மா இருக்குமா? வவுச்சரைப் புரட்டினேன். சீட்டுக் குலுக்கிப்போட்டு, பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு இல்லை என்று பிரிக்கவில்லை. முன்பு சிகிச்சை பெற்ற 101 பேரின் பழைய ரிக்கார்டோடு ஒப்பிட்டார்கள். போன வருஷ லெட்ஜரை வைத்து இந்த வருஷ லாபம் சொல்கிற மாதிரி. நம்பலாம், கல்லாவில் போட முடியாது.

அதற்குள் "மருந்துதானே மச்சி" என்று யாரும் சுருட்டிப் பற்றவைக்க வேண்டாம். கஞ்சா இலையில் பூஞ்சை வித்துக்கள் ஒட்டியிருக்கும். மஜ்ஜை மாற்றியவரின் நுரையீரலுக்கு அதுதான் எமன். எண்ணெயாகத் தானே வாங்கிக் குடித்தாலும் ஆபத்து. டாக்டர் தரும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவை அது ரத்தத்தில் ஏற்றிவிடும், கிட்னி மாட்டிக்கொள்ளும்.

நன்றாகப் பொருந்தும் ஆள் கிடைத்தால் வம்பு குறையும். சென்னையில் 2009-ல் தொடங்கிய 'தாத்ரி' அமைப்பு அதற்காகத்தான் பெயர் பதிகிறது. கன்னத்தின் உட்புறம் பஞ்சுக்குச்சியால் ஒரு தடவு. என்றைக்காவது பொருந்தினால் கூப்பிடுவார்கள். அன்றைக்குப் பார்த்து, "ஆபீசில் ஆடிட் சார்" என்று நழுவாதிருந்தால் சரி.