வெயில் அடிக்குது... ஆனா கேபிள் கார் ஓடாது! கேப்டவுன் டேபிள் மவுண்டனில் என்னதான் நடக்கிறது?

2024 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவை இந்தியா வெறும் 642 பந்துகளில் முடித்துவிட்ட டெஸ்ட் மேட்ச் ஞாபகம் இருக்கா? அந்த நியூலேண்ட்ஸ் மைதானத்துக்குப் பின்னால் டிவியில் தெரிந்ததே, அது டேபிள் மவுண்டனின் முதுகுப்பக்கம். கேப்டவுன் நகரத்தையும் துறைமுகத்தையும் பார்த்து நிற்கும் முன்பக்கத்தில்தான் அந்த மேசை வடிவம் முழுசாகத் தெரியும். உச்சி சுமார் 3 கி.மீ. நீளத்துக்குத் தட்டையாக இருக்கும். உயரம் 1,086 மீட்டர்.

1929-ல் இருந்து இங்கே கேபிள் கார் ஓடுகிறது. இப்போதுள்ள பெட்டியில் 65 பேர் ஏறலாம். 5 நிமிடத்தில் மேலே போய்விடலாம். போகும்போது பெட்டியின் தரையே ஒரு சுற்று சுற்றும், அதனால் ஜன்னல் சீட்டுக்கு அடித்துக்கொள்ள வேண்டியதில்லை!

சரி, சிக்கல் எங்கே? காற்றில்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே கோடைகாலம், டூரிஸ்ட் கூட்டமும் அப்போதுதான் அதிகம். தென்கிழக்குக் காற்று பேயாட்டம் ஆடுவதும் அதே மாதங்களில்தான். கடலில் இருந்து ஈரத்தோடு வரும் இந்தக் காற்று மலையில் மோதி மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்ந்து மேகமாகிறது. உச்சியைத் தாண்டி நகரத்துப் பக்கம் இறங்கும்போது மறுபடி சூடாகி, பாதி வழியிலேயே கரைந்து காணாமல் போகிறது. கீழே இருந்து பார்த்தால் மேசை மேல் வெள்ளைத் துணி விரித்த மாதிரி இருக்கும். உள்ளூர்க்காரர்கள் இதை ‘மேசை விரிப்பு’ என்றே சொல்கிறார்கள்.

போட்டோவுக்கு சூப்பர். மேலே நிற்பவர்களுக்கு அப்படியில்லை. அந்த விரிப்புக்குள் மாட்டினால் பத்தடி தள்ளி இருக்கும் பாதைகூடத் தெரியாது. நகரத்தில் டி-ஷர்ட்டோடு சுற்றியவர் உச்சியில் நடுங்குவார். காற்று வேகம் கூடினால் மேலே சைரன் ஒலிக்கும். உடனே ஸ்டேஷனுக்குத் திரும்பிவிட வேண்டும். செல்ஃபி எடுத்துக்கொண்டு நின்று கடைசிப் பெட்டியை விட்டால், நடந்துதான் இறங்க வேண்டும்.

நடந்தே ஏறலாமா? தாராளமாக. பிளாட்டேகிளிப் கார்ஜ் என்ற பாதைதான் நேர்வழி, டிக்கெட் இல்லை. 1503-ல் போர்ச்சுகீசிய மாலுமி அன்டோனியோ டி சல்டானா இந்த இடுக்கு வழியாகத்தான் ஏறினார். முழுக்கக் கல்படி, செங்குத்து, நிழல் ரொம்பக் குறைவு. 2 முதல் 3 மணி நேரம் ஆகும். ‘நம்ம திருப்பதி மலை மாதிரிதானே’ என்று நினைத்துப் போகாதீர்கள். வழியில் தண்ணீர்க் கடையோ மண்டபமோ கிடையாது. வழிப்பறியும் நடந்திருக்கிறது, அதனால் தனியாக ஏறாமல் கும்பலாகப் போவதே நல்லது.

மேலே என்ன இருக்கு? மண்டேலா 18 ஆண்டுகள் சிறையிருந்த ராபன் தீவு, வானம் தெளிந்திருந்தால் அப்படியே தெரியும். பாறை இடுக்கில் கொழுத்த எலி மாதிரி வெயில் காயும் ‘டாஸி’யைப் பார்க்கலாம். அது யானைக்கு நெருங்கிய சொந்தம் என்றால் நம்ப முடிகிறதா?

நான்கு நாள் டூர் என்றால் மலையைக் கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள். வானம் தெளிவாக, காற்று அடங்கி இருக்கும் முதல் காலையே கிளம்பிவிடுங்கள். குளிர்காலத்தில் பராமரிப்புக்காகச் சில நாட்கள் கேபிள் காரை நிறுத்திவிடுவார்கள், ஃபிளைட் டிக்கெட் போடும் முன் அந்தத் தேதியையும் ஒரு தடவை பாருங்கள்.