சுகாதாரக் குழு: கேட்டால்தான் கூடும்

வல்லத்திராக்கோட்டையில் குடிநீர்த் தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினார்கள், குளோரின் யார் போடுகிறார் என்று கேட்க ஊரார் எவருக்கும் உரிமை உண்டு. அதைக் கவனிக்கவென்றே ஒரு குழுவும் உண்டு.

2005-ல் தொடங்கிய தேசிய ஊரக சுகாதார இயக்கம், ஊருக்கொரு கிராம சுகாதாரக் குழு வேண்டும் என்றது. பஞ்சாயத்துப் பிரதிநிதிகள், கிராம சுகாதார செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், சுய உதவிக்குழுப் பெண்கள் அதில் இடம்பெறலாம். ஆண்டுக்கு 10,000 ரூபாய் நிதி என்று அப்போது வகுத்தார்கள். சாக்கடை தூர்வாரவோ, குளோரின் வாங்கவோ, ஏழைக் கர்ப்பிணியை அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்கு அனுப்பவோ செலவழிக்கலாம். எதற்கு என்பதைக் குழு கூடி முடிவு செய்ய வேண்டும்.

குழு கூடாவிட்டால் என்ன ஆகிவிடும்? நம் புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலை நினைத்துப் பாருங்கள். 2022 டிசம்பரில் பிள்ளைகள் அடுத்தடுத்து நோயில் விழுந்தார்கள். தண்ணீரைப் பார்க்கச் சொன்னார்கள் டாக்டர்கள். ஊர்க்காரர்கள் தொட்டி மேல் ஏறிப் பார்த்தபோதுதான் உள்ளே மனிதக் கழிவு கலந்திருப்பது தெரிந்தது. அது குற்றச்செயல்; குழு இருந்திருந்தால் தடுத்திருக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால், தொட்டியை முறைவைத்துப் பார்க்கும் ஊரில் தவறு சீக்கிரம் வெளிப்படும்.

மக்களால் கண்காணிக்க முடியுமா என்ற சந்தேகம் வேண்டாம். 2007-ல் தமிழகம் உட்பட 9 மாநிலங்களில் சோதனை முறையில் செய்தே பார்த்தார்கள். செவிலியர் வருகிறாரா, மருந்து கிடைக்கிறதா, காசு கேட்கிறார்களா என்று ஊர்மக்களே பச்சை, மஞ்சள், சிவப்பு என மதிப்பிட்டார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை:

• குழுவில் யார் யார், கடைசியாக எப்போது கூடியது என்று பஞ்சாயத்து அலுவலகத்தில் கேளுங்கள். பஞ்சாயத்தின் பதவிக்காலம் முடிந்து தலைவர் இல்லாவிட்டால், பொறுப்பில் உள்ள தனி அலுவலரிடம் கேளுங்கள்.

• ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 கிராம சபை நாட்கள். கோரிக்கையைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவைத்து, படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

• பதில் இல்லையா? 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனுநாள். மருத்துவ ஆலோசனைக்கும் புகாருக்கும் 104 என்ற எண்ணை அழையுங்கள்.

செவிலியரிடம் மல்லுக்கு நிற்க வேண்டாம். பெரும்பாலும் அவரும் ஆள் பற்றாக்குறையில் தவிப்பவர்தான். கணக்கு கேட்க வேண்டிய இடம் சபை. அடுத்த கிராம சபைக்குப் பெண்கள் நாலு பேராவது சேர்ந்து போங்கள். "போன வருஷம் சுகாதாரக் குழுவுக்கு எவ்வளவு பணம் வந்தது, எதற்குச் செலவானது?" என்று கேளுங்கள்.