ஆம்புலன்ஸ் வருவதற்குள்

மாரடைப்பும் இதய நிறுத்தமும் ஒன்றல்ல. இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபட்டு, தசையின் ஒரு பகுதி சாகத் தொடங்குவது மாரடைப்பு. நெஞ்சு வலிக்கும், வியர்த்துக் கொட்டும். ஆனால் பெரும்பாலும் ஆள் நினைவோடு இருப்பார், இதயமும் துடித்துக்கொண்டிருக்கும். இதய நிறுத்தத்தில் ரத்த ஓட்டமே நின்றுவிடுகிறது. பல நேரங்களில் இதயத்தின் மின்னியக்கம் தாறுமாறாகி, கீழறைகள் சுருங்கி விரிய முடியாமல் வெறுமனே நடுங்குகின்றன. சில நொடிகளில் ஆள் நினைவிழந்து சரிகிறார். மாரடைப்பு வந்தவரைத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். இதயம் நின்றவருக்கு அந்த அவகாசம் கிடையாது. விழுந்த இடத்திலேயே சிகிச்சை தொடங்கியாக வேண்டும்.

ரத்தம் போகாத மூளை ஏறத்தாழ 4 நிமிடங்களில் பழுதாகத் தொடங்குகிறது. 10 நிமிடங்கள் கடந்தால் மீட்பது அரிது. இதயம் நின்ற பின் எதுவும் செய்யாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 சதவீதம் வரை குறைக்கிறது. 108 வண்டி எவ்வளவு விரைந்தாலும், மாலை நேரச் சென்னை நெரிசலிலோ மலைக் கிராமத்துச் சாலையிலோ இந்தக் கணக்குக்குள் வந்து சேர்வது கடினம். அதனால் உயிர் பக்கத்தில் நிற்பவரின் கையில் இருக்கிறது. இதய நிறுத்தங்களில் பெரும்பாலானவை வீட்டிலேயே நிகழ்கின்றன. பக்கத்தில் நிற்பவர் என்றால் மனைவி, மகன், மருமகள், எதிர்வீட்டுக்காரர் என்று பொருள்.

1960க்கு முன், நின்ற இதயத்தை ஓட்ட மருத்துவர்கள் பெரிதும் நம்பியது மார்பைப் பிளந்து இதயத்தைக் கையால் பிசையும் முறையை. அமெரிக்காவின் பால்டிமோரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வுக்கூடம் ஒன்றில் வேறு ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தபோது வழி திறந்தது. நாய்களின் மார்பில் மின்னதிர்ச்சித் தகடுகளை அழுத்தி வைக்கும்போதே, மின்சாரம் பாய்வதற்கு முன்பாகவே, ரத்த அழுத்தம் சற்று ஏறுவதை கை நிக்கர்பாக்கர் என்ற இளம் ஆய்வாளர் கவனித்தார். அப்படியானால் அழுத்தமே ரத்தத்தை ஓட்டுகிறது! அவரும், மின்பொறியாளர் வில்லியம் கௌவென்ஹோவனும், அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஜூடும் 1960 ஜூலையில் இதைக் கட்டுரையாக வெளியிட்டனர். வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதும் முறையை பீட்டர் சாஃபர் போன்றவர்கள் அதற்குச் சற்று முன்னர்தான் நிறுவியிருந்தனர். இரண்டும் சேர்ந்ததே சிபிஆர். அதே காலத்தில் நார்வேயின் பொம்மை உற்பத்தியாளர் ஆஸ்முண்ட் லேர்டால் ஆளுயரப் பயிற்சிப் பொம்மையை உருவாக்க, மருத்துவர் அல்லாதவர்களும் இதைக் கற்க வழி பிறந்தது.

முதலில் செய்ய வேண்டியது இதய நிறுத்தத்தை அடையாளம் காண்பது. தவறு அதிகம் நடப்பதும் இங்கேதான். விழுந்தவரின் இரு தோள்களையும் தட்டி உரக்கக் கூப்பிட வேண்டும். அசைவில்லை என்றால் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு 10 நொடிகளுக்கு மேல் செலவிடக்கூடாது. இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் பலர், தரையில் போட்ட மீனைப் போல, இடைவெளி விட்டு வாயைத் திறந்து திறந்து மூடுவார்கள். அது மூச்சல்ல. "மூச்சு இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை" என்று சுற்றியிருப்பவர்கள் ஆறுதல் அடைவதற்குள் நேரம் போய்விடுகிறது. நாடி பார்ப்பது பயிற்சி இல்லாதவரைக் குழப்பும். அதைத் தேடவே வேண்டாம் என்பதுதான் பொதுமக்களுக்கான விதி. முகத்தில் தண்ணீர் அடிப்பது, வாயில் சோடா ஊற்றுவது, கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது என நம் தெருக்களில் வழக்கமாக நடக்கும் எதனாலும் பயனில்லை. நினைவில்லாதவர் வாயில் ஊற்றும் நீர் நுரையீரலுக்குள் போகும் ஆபத்தும் உண்டு.

அசைவும் சரியான மூச்சும் இல்லை என்றால் 108ஐ அழைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டு அருகே வைத்துக்கொண்டு அமுக்கத் தொடங்க வேண்டும். கட்டிலில் கிடந்தால் தரைக்கு இறக்க வேண்டும். மெத்தை மேல் அமுக்கினால் மெத்தைதான் அமுங்கும். மார்பின் நடுவில், நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியைப் பதித்து, அதன் மேல் மற்றொரு கையை வைத்து விரல்களைக் கோத்துக்கொள்ள வேண்டும். முழங்கை மடங்கக்கூடாது. தோள் கைகளுக்கு நேர்மேலே இருந்தால்தான் புஜபலம் தீர்ந்துபோகாமல் உடல் எடையே வேலை செய்யும். பெரியவர்களுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 அமுக்கல்கள். அதாவது நொடிக்கு ஏறத்தாழ இரண்டு. ஒவ்வொரு முறையும் மார்பு முழுதாக மேலெழ விட வேண்டும், ஏனென்றால் இதயத்துக்குள் ரத்தம் திரும்பி நிறைவது அப்போதுதான். புதியவர்கள் செய்யும் பிழைகள் பெரும்பாலும் இரண்டு: போதிய ஆழம் இல்லாமல் மேலோட்டமாக அமுக்குவது, அடிக்கடி நிறுத்திப் பார்ப்பது. இரண்டு நிமிடங்களில் யாருக்கும் கை ஓய்ந்துவிடும். ஆள் இருந்தால் மாறிக்கொள்ள வேண்டும்.

விலா எலும்பு முறியும் ஓசை கேட்கலாம். முறிந்த விலா கூடிவிடும் என்பதால் அதற்காக நிறுத்துவதில்லை. விழுந்தவர் பெண்ணாக இருந்தால் கை வைக்கத் தயங்கும் சிக்கலும் உண்டு. பொது இடங்களில் பெண்களுக்கு இந்த உதவி ஆண்களைவிடக் குறைவாகவே கிடைக்கிறது என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் ஊரில் இந்தத் தயக்கம் கூடுதலாகவே இருக்கும். பயிற்சி வகுப்புகளில் இதை வெளிப்படையாகப் பேசுவதே நல்லது.

வாயில் ஊதத் தெரியாவிட்டால், அல்லது மனம் ஒப்பாவிட்டால், அமுக்குவது மட்டும் போதும். இந்திய மயக்கவியல் மருத்துவர் சங்கம் 2017இல் பொதுமக்களுக்கென வெளியிட்ட வழிகாட்டுதல் முழுக்க இந்த அமுக்கும் முறையையே அடிப்படையாகக் கொண்டது. திடீரென்று விழும் பெரியவரின் ரத்தத்தில் ஆக்ஸிஜன் சில நிமிடங்களுக்கு இருப்பு இருக்கும் என்பதால் இது பலிக்கிறது. கிணற்றிலோ குளத்திலோ மூழ்கியவருக்கும் குழந்தைகளுக்கும் கதை வேறு. அவர்களுக்கு மூச்சு நின்றதால்தான் பெரும்பாலும் இதயம் நிற்கிறது. 30 அமுக்கலுக்கு 2 மூச்சு என்ற கணக்கில் ஊதவும் தெரிந்திருக்க வேண்டும்.

அமுக்குவது ரத்தத்தை ஓட்டி நேரம் வாங்கித் தருகிறது. நடுங்கும் இதயத்தைப் பழைய தாளத்துக்குக் கொண்டுவருவது மின்னதிர்ச்சி. அதற்கான ஏஇடி கருவியை விமான நிலையங்களிலும் பெரிய வளாகங்கள் சிலவற்றிலும் காணலாம். மூடியைத் திறந்தால், அல்லது பொத்தானை அழுத்தினால், அதுவே பேசி வழிகாட்டும். வில்லைகளை மார்பில் ஒட்டியதும் துடிப்பை ஆராய்ந்து, தேவை இருந்தால் மட்டுமே அதிர்ச்சி தரும். தேவையற்றவருக்குத் தவறாக ஷாக் கொடுத்துவிடுவோமோ என்ற பயம் வேண்டியதில்லை.

இதயம் நிற்கும்போது மட்டுமல்ல, தொண்டையில் ஏதாவது சிக்கி மூச்சு அடைபடும்போதும் நிமிடக் கணக்குதான். புரையேறி இருமுபவர் மூச்சு விடுகிறார். அவரை இரும விட வேண்டும். தலையில் தட்டுவதும் தண்ணீரைப் புகட்டுவதும் வேண்டாம். இருமல் ஒலி அடங்கி, பேச்சு வராமல், கை தானாகக் கழுத்தைப் பிடித்தால் மூச்சுக்குழாய் முழுக்க அடைபட்டுவிட்டது. பாதிக்கப்பட்டவரை முன்னோக்கிக் குனிய வைத்து, இரு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை ஓங்கி அடிக்க வேண்டும். பலிக்காவிட்டால் பின்னால் நின்று, தொப்புளுக்குச் சற்று மேலே ஒரு கையை முஷ்டியாக வைத்து, மறுகையால் அதைப் பற்றி, உள்ளும் மேலுமாக 5 முறை வெடுக்கென்று இழுக்க வேண்டும். பொருள் வெளியே வரும்வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும்.

வயிற்றை அழுத்தும் இந்த முறையை 1974இல் அறிமுகம் செய்தவர் அமெரிக்க மருத்துவர் ஹென்றி ஹைம்லிக். முதுகில் அடிப்பதை அவர் கடுமையாக எதிர்த்தார். அது பொருளை இன்னும் கீழே தள்ளிவிடும் என்றார். பல ஆண்டுகள் அமெரிக்க வழிகாட்டுதலும் அவர் பக்கமே நின்றது. ஐரோப்பியர்கள் முதுகை விடவில்லை. 2025இல் அமெரிக்க இதயச் சங்கமும் முதுகில் அடிப்பதையே முதலில் செய்யச் சொல்லிவிட்டது.

கர்ப்பிணிகளுக்கும், கை சுற்றிப் பிடிக்க முடியாத அளவு பருத்தவர்களுக்கும் வயிற்றுக்குப் பதிலாக மார்பின் நடுவில் அழுத்த வேண்டும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு வயிற்றை அழுத்தவே கூடாது, கல்லீரல் காயப்படும். குழந்தையை முன்கையின் மேல் குப்புறக் கிடத்தி, தலை தாழ்ந்திருக்க, முதுகில் 5 அடி. பிறகு மல்லாத்தி மார்பின் நடுவில் 5 அழுத்தல். வாய்க்குள் பொருள் கண்ணுக்குத் தெரிந்தால் எடுக்கலாம். தெரியாமல் விரலை விட்டுத் துழாவினால் அது இன்னும் ஆழமாகப் போய் அடைத்துக்கொள்ளும். நினைவு தப்பினால் கீழே கிடத்தி சிபிஆர் தொடங்க வேண்டும். வயிற்றை அழுத்திக் காப்பாற்றப்பட்டவரை, நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும், மருத்துவரிடம் காட்டுவது அவசியம்.

நிலக்கடலை, பொட்டுக்கடலை, புளியங்கொட்டை, நாணயம், பலூன் துண்டு ஆகியவை சிறு பிள்ளைகள் கையில் இருக்கக்கூடாதவை. பெரியவர்களும் விதிவிலக்கல்ல. 2024 ஓணத்தின்போது பாலக்காடு மாவட்டத்தில் நடந்த இட்லி தின்னும் போட்டியில் ஒருவர் தொண்டை அடைத்து இறந்தார்.

உதவப் போய் போலீஸ், கோர்ட் என்று அலைய நேருமோ என்ற அச்சம் இன்னும் பலருக்கு உண்டு. சாலை விபத்தில் உதவுவோருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்த்த 134ஏ பிரிவு பாதுகாப்பு தருகிறது. சம்மதம் சொல்ல முடியாத நிலையில் கிடப்பவருக்கு நல்லெண்ணத்தோடு செய்த உதவியை பாரதிய நியாய சன்ஹிதாவின் 30ஆம் பிரிவும் குற்றமாகக் கொள்வதில்லை.

ஒரு நாடே சிபிஆரைக் கற்றால் என்ன ஆகும் என்பதற்கு டென்மார்க் சான்று. அங்கே 2005இல் பள்ளிகளிலும் 2006இல் ஓட்டுநர் உரிமத்துக்கும் இந்தப் பயிற்சி கட்டாயமானது. மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களில் அருகிலிருந்தவர் சிபிஆர் செய்த விகிதம் 2001இல் 21 சதவீதம். 2010இல் 45 சதவீதம். 30 நாள் கடந்து உயிரோடு இருந்தவர்கள் 3.5 சதவீதத்திலிருந்து 10.8 சதவீதமானார்கள். ஆம்புலன்ஸ், மருத்துவமனைச் சிகிச்சை மேம்பட்டதற்கும் இதில் பங்குண்டு. ஆனால் மருத்துவமனை வாசல்வரை உயிர் வந்து சேர்ந்ததில் அருகிலிருந்தவர்களின் பங்கை மறுக்க முடியாது.

தமிழ்நாட்டில் பேருந்து நடத்துநர் உரிமம் கேட்பவர் முதலுதவிச் சான்றிதழ் காட்ட வேண்டும். கார், பைக் உரிமம் எடுப்பவரிடம் அது கேட்கப்படுவதில்லை. கேட்டால் தவறில்லை, பள்ளி மேல்வகுப்புகளில் தொடங்குவது இன்னும் நல்லது. அதுவரை செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் நடத்தும் வகுப்புகள் இருக்கின்றன. படித்தோ வீடியோ பார்த்தோ எத்தனை ஆழம் அமுக்குவது என்பது கைக்குப் பிடிபடாது. பொம்மை மேல் அமுக்கிப் பழக வேண்டும். சில மாதங்களில் இந்தத் திறன் மங்கிவிடும் என்பதால், ஒருமுறை கற்றவரும் அவ்வப்போது திரும்பப் போய்ப் பழகிக்கொள்ள வேண்டும்.